சிவப்பு மை இல்லாத ஒரு கம்பைலர்!

பரீட்சைப் பேப்பர் திருத்திக் கொடுக்கும் நாள் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேப்பர் கட்டோடு டீச்சர் வகுப்புக்குள் நுழைவார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பேப்பர் கைக்கு வந்ததும், மார்க்கைப் பார்ப்பதற்கு முன்பே கண்ணில் படுவது ஒன்றுதான்... சிவப்பு! எத்தனை இடத்தில் சுழித்திருக்கிறது, எத்தனை இடத்தில் குறுக்கே அடித்திருக்கிறது என்று ஒரு நொடியில் மனசு எண்ணிவிடும். என்ன தப்பு என்பது அப்புறம்தான் புரியும். தப்பு செய்துவிட்டோம் என்பது மட்டும் முதலிலேயே உறைத்துவிடும்.

அமெரிக்காவின் சிகாகோவில் ஜெஃப் ஷூர் என்று ஓர் ஆங்கில ஆசிரியர். பள்ளி மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போனவர். சிவப்பு வட்டம் தப்பு எங்கே என்று காட்டும். அதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லித்தராது. மாணவர்கள் தாங்களே எழுதிப் பார்த்து, திருத்திப் பழகுவதற்காக 2012-ல் அவர் ஓர் இணையதள நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பெயர் 'நோரெட்இங்க்'. 'சிவப்பு மை வேண்டாம்' என்று பொருள்!

அதே 2012-ல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஈவன் சாப்லிக்கி என்ற மாணவர் தன் படிப்பின் கடைசி ஆண்டு ஆய்வேட்டை முடித்துக்கொண்டிருந்தார். அதில் அவர் உருவாக்கியிருந்தது ஒரு புதிய கம்ப்யூட்டர் மொழி. பெயர், எல்ம். ஆசிரியருக்கும் மாணவருக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால், சில ஆண்டுகளில் இந்த இரண்டு கதைகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. காரணம், இரண்டுமே ஒரே கேள்வியைச் சுற்றி வந்தவை. தப்பு செய்தவரிடம் அதை எப்படிச் சொல்வது?

கண்டிப்பான வாத்தியார்

கம்ப்யூட்டருக்கு மனிதர்கள் எழுதும் புரோகிராம் நேரடியாகப் புரியாது. அதை மொழிபெயர்த்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சாஃப்ட்வேர்தான் கம்பைலர். மொழிபெயர்ப்பதற்கு முன்னால் அது முழு புரோகிராமையும் ஒரு தடவை வாசித்துப் பார்க்கும். ஏதாவது இடறினால், அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு செய்தி அனுப்பும். அதற்குத்தான் 'எரர் மெசேஜ்' என்று பெயர்.

அந்தச் செய்தி எப்படி இருக்கும் என்று, கோடிங் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரு வரி எண் இருக்கும். 'எதிர்பாராத குறியீடு' என்று ஒரு வாக்கியம் இருக்கும். என்ன எதிர்பார்த்தது, எதைப் பார்த்து மிரண்டது என்றெல்லாம் சொல்லாது. சில சமயம் இருபது வரிக்கு ஏதோ மந்திரம்போல நீளும். தப்பு பத்தாவது வரியில் ஒரு கால்புள்ளியாக இருக்கும். திட்டு நாற்பதாவது வரிக்கு விழும்.

இரவு பன்னிரண்டு மணி. மறுநாள் காலையில் அசைன்மென்ட் கொடுத்தாக வேண்டும். நாலாவது தடவையாக அதே எரர். இப்படி உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவிக்கு என்ன தோன்றும்? 'இந்த சாஃப்ட்வேர் சரியாகப் பேசவில்லை' என்றா தோன்றும்? இல்லவே இல்லை. 'எனக்கு இதெல்லாம் வராது' என்றுதான் தோன்றும். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, வேறு பாடத்துக்கு மாறிப்போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மூளை போதவில்லை, எத்தனை பேருக்கு ஒரு நல்ல வாக்கியம் கிடைக்கவில்லை என்பதை யாரும் கணக்கெடுத்ததில்லை.

டப்பாவில் இருப்பது சர்க்கரையா, ரவையா?

எல்ம் என்பது 'ஃபங்ஷனல் புரோகிராமிங்' வகையைச் சேர்ந்த மொழி. பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிமையானது.

சாதாரண மொழிகளில் எழுதும் புரோகிராம், பத்துப் பேர் புழங்கும் சமையலறை மாதிரி. ஒரு டப்பாவில் சர்க்கரை போட்டு வைத்தீர்கள். நடுவில் யாரோ வந்து அதில் ரவையைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார். நீங்கள் அது தெரியாமல் ஒரு ஸ்பூன் எடுத்துக் காபியில் போடுவீர்கள். தப்பு நடந்தது எப்போதோ, தெரிந்தது காபி குடிக்கும்போது! ஃபங்ஷனல் மொழியில் இது நடக்காது. ஒரு டப்பாவில் போட்டது போட்டதுதான். மாற்ற வேண்டுமா, புது டப்பா எடுத்துக்கொள்ள வேண்டும். 2-ம் 3-ம் கொடுத்துக் கூட்டச் சொன்னால், யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும் 5 தான் வரும். வேறு எதுவும் மாறாது.

இன்னொன்று, காலி டப்பா விவகாரம். பல மொழிகளில் 'நல்' என்ற ஒன்று உண்டு. 'இங்கே ஒன்றுமே இல்லை' என்று அர்த்தம். இருக்கும் என்று நம்பிக் கையை விட்டால் புரோகிராம் கவிழும். 1965-ல் இதைக் கொண்டுவந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி டோனி ஹோர், 2009-ல் ஒரு மாநாட்டில் அதற்காக மன்னிப்புக் கேட்டு, 'நூறு கோடி டாலர் தவறு' என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டார். எல்ம் மொழியில் நல் கிடையாது. 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்று சந்தேகம் உள்ள இடத்தில் 'மேபி' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இருந்தால் என்ன செய்வது, இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இரண்டையும் சொல்லாமல் கம்பைலர் விடாது.

ஆக, எல்ம் கம்பைலர் கண்டிப்பானது. சாதாரண மொழிகள் 'ஓடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடும் தவறுகளைக்கூட இது வாசலிலேயே நிறுத்திவிடும். இணையதளம் மக்கள் கைக்குப் போன பிறகு நடுவில் முறியாது என்பதுதான் இதன் லாபம்.

ஆனால், அதிகம் கண்டிப்பவர் அதிகம் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு கடுகடுவென்று இருந்தால் யார் அந்த வகுப்பில் உட்காருவார்கள்? இந்த வகை மொழிகளில் திறமையான கம்பைலர்கள் ஏற்கெனவே இருந்தன. எல்ம் கம்பைலரே ஹாஸ்கல் என்ற ஃபங்ஷனல் மொழியில் எழுதப்பட்டதுதான். ஆனால், அவற்றின் எரர் மெசேஜ்களைப் படித்துப் புரிந்துகொள்ளவே தனிப் படிப்பு வேண்டும் என்று புதியவர்கள் அலறுவது வழக்கம்.

முதல் பெயர்... முஷ்டிப் பெயர்!

2015 ஜூன் மாதம் எல்ம் மொழியின் 0.15.1 பதிப்பு வந்தது. வழக்கமாகப் புதுப் பதிப்பு என்றால் புது வசதிகள் என்ன என்று பட்டியல் போடுவார்கள். சாப்லிக்கி இந்தத் தடவை பெருமையாக முன்வைத்தது வேறு. எரர் மெசேஜ்களைத் திருத்தி எழுதியிருந்தார்! 'மனிதர்களுக்கான எரர்கள்' என்பதுதான் அந்த அறிவிப்பின் சாரம்.

எல்ம் கம்பைலர் 'நான்' என்று பேசும். 'இந்தப் பெயரில் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று சொல்லும். அதாவது, 'நீ தப்பு' என்று ஆரம்பிக்காமல், 'எனக்குப் புரியவில்லை' என்று ஆரம்பிக்கும். பிறகு, நீங்கள் எழுதிய வரியை நீங்கள் எழுதியபடியே எடுத்துக் காட்டும். எந்த இடத்தில் இடறியது என்று அடிக்கோடு போடும். கடைசியில் ஒரு யோசனை.

எல்ம் மொழியின் பாடப்புத்தகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவரின் முழுப் பெயரைச் சேர்த்துத் தரும் சின்ன புரோகிராம். 'சித்தார்த்தா' நாவல் எழுதினாரே, ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே... அவர் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 'ஃபர்ஸ்ட் நேம்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து விட்டுப்போய் 'ஃபிஸ்ட் நேம்' ஆகிவிட்டது. ஃபிஸ்ட் என்றால் ஆங்கிலத்தில் முஷ்டி! முதல் பெயர், முஷ்டிப் பெயராகிவிட்டது. பழைய பாணி வாத்தியாராக இருந்தால் 'பொருந்தவில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். எல்ம், 'இது எழுத்துப் பிழை மாதிரி தெரிகிறது. அந்தப் பெயரைத்தான் சொல்ல வந்தீர்களோ?' என்ற தொனியில் சரியான பெயரைச் சுட்டிக்காட்டும்.

இதற்குப் பின்னால் மாயம் எதுவும் இல்லை. நீங்கள் எழுதிய சொல்லையும், தனக்குத் தெரிந்த சொற்களையும் வைத்து, எத்தனை எழுத்தை மாற்றினால் இது அதுவாகும் என்று கணக்குப் போடும். மிக நெருக்கமானதை முன்னால் நீட்டும். கணக்கு பழைய கணக்குதான். அதை இந்த இடத்தில் போட வேண்டும் என்று தோன்றியதுதான் பெரிய விஷயம்.

இப்படி நிறைய. இரண்டு சொற்களை ஒட்ட நினைத்து கூட்டல் குறி போட்டால், 'எழுத்துகளைக் கூட்ட என்னால் முடியாது, ஒட்டுவதற்கு இரண்டு கூட்டல் குறி போடுங்கள்' என்று வழிகாட்டும். 'சமமில்லை' என்பதற்கு மற்ற மொழிகளில் பழகிய != குறியைப் போட்டால், இங்கே /= என்று எழுத வேண்டும் எனச் சொல்லிவிட்டு, கணக்குப் புத்தகத்தில் வரும் ≠ குறிபோல அது இருக்கிறது பாருங்கள் என்று காரணமும் சொல்லும். அதோடு விடாமல், வரலாறு அந்தப் பழைய குறியை ஒரு தற்காலிக விநோதமாகத்தான் நினைவில் வைத்திருக்கும் என்று நம்புவதாகச் சின்னதாக ஒரு கிண்டலும் அடிக்கும். எரர் மெசேஜைப் படித்துச் சிரிப்பது என்பது இந்தத் துறையில் அபூர்வம்!

'எதனால் எதிர்பார்த்தேன்?'

இனிமையாகப் பேசுவது என்றால் வாக்கியத்தை மாற்றி எழுதினால் போதும் என்று தோன்றலாம். அது பாதி வேலைதான். மீதிப் பாதி கம்பைலரின் வயிற்றுக்குள் நடக்க வேண்டிய மாற்றம்.

ஒரு பட்டியலில் 1, 2 என்று எண்கள் போட்டுவிட்டு, மூன்றாவதாக ஒரு பெயரைப் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும் எழுத்தும் ஒரே பட்டியலில் இருக்கக் கூடாது என்பது எல்ம் விதி. 'எண் வேண்டும், எழுத்து இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் போதுமா? எண் ஏன் வேண்டும்? எல்ம் இதை, 'மூன்றாவதாக இருப்பது, அதற்கு முன்னால் உள்ளவற்றோடு பொருந்தவில்லை' என்று சொல்லும். அப்படிச் சொல்ல வேண்டுமானால், எந்த இடத்தில் எதைப் பார்த்து இந்த எதிர்பார்ப்பு தனக்கு வந்தது என்பதைக் கம்பைலர் கடைசி வரை நினைவில் வைத்திருக்க வேண்டும். சரிபார்க்கும்போதே காரணத்தையும் கூடவே சுமந்துகொண்டு வர வேண்டும். அதற்காகச் சரிபார்க்கும் முறையையே மாற்ற வேண்டும்.

வீட்டிலும் இதுதானே நடக்கிறது? 'ஏன் லேட்?' என்று கத்துவது சுலபம். 'ஏழு மணிக்கு வருவேன்னு சொன்னியே, அதான் பயந்துட்டேன்' என்று சொல்ல, தன் கோபத்துக்குக் காரணம் என்ன என்று தனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாக் குழப்பமும் ஒரே ஆளுக்குத் தெரிந்துவிடாது. அதனால் சாப்லிக்கி ஒரு பொதுப் பட்டியலைத் திறந்துவைத்தார். யாருக்காவது ஒரு செய்தி புரியவில்லையா? எந்தச் சின்ன புரோகிராம் எழுதும்போது அது வந்தது என்பதோடு சேர்த்து அனுப்பலாம். பலரும் அனுப்பினார்கள். மற்ற இடங்களில் 'பக்' என்றால் கம்பைலர் தப்பாகக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இங்கே கணக்கு சரியாக இருந்தும், சொன்ன விதம் ஒருவருக்குப் புரியவில்லை என்றால் அதையும் சரிசெய்ய வேண்டிய குறையாக எடுத்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் 0.16 வந்தது. கம்பைலரை உதவியாளராகப் பார்க்க வேண்டும் என்பது அதன் முழக்கம். டிராஃபிக் சிக்னலுக்கு ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள். சிவப்புக்கு நில், பச்சைக்குப் போ என்று எழுதிவிட்டு, மஞ்சளை மறந்துவிட்டீர்கள். விடுபட்டது இன்னதென்று குறிப்பிட்டுச் சொல்லி, கம்பைலர் நிறுத்திவிடும். எழுதியதில் உள்ள தப்போடு, எழுதாமல் விட்டதும் அதன் கணக்கில் வந்துவிட்டது.

சிகாகோவில் தொடங்கிய கதை இங்கேதான் வந்து சேர்கிறது. ஆசிரியர் ஆரம்பித்த அந்த 'சிவப்பு மை வேண்டாம்' நிறுவனம், தன் இணையதளத்தை எழுத எல்ம் மொழியைத் தேர்ந்தெடுத்தது. எல்மை மிகப் பெரிய அளவில் பயன்படுத்திய நிறுவனங்களில் அதுவும் ஒன்று. 2016-ல் சாப்லிக்கி அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். மாணவர்களின் இலக்கணப் பிழையைப் பதமாகத் திருத்தும் ஓர் இணையதளம். அதை எழுதும் இன்ஜினீயர்களின் பிழையைப் பதமாகத் திருத்தும் ஒரு கம்பைலர். இரண்டும் ஒரே கூரையின் கீழ்!

டாக்டரே மயங்கி விழுந்தால்?

ஒரு மொழியை வளர்ப்பதில் சேர்ப்பதைவிட நீக்குவதுதான் கஷ்டம். 2016 மே மாதம் வந்த 0.17 பதிப்பில், 'சிக்னல்' என்ற அடிப்படைக் கருத்தையே சாப்லிக்கி எடுத்துவிட்டார். அது சாதாரணக் கருத்தல்ல. 2012-ல் அவர் எழுதிய ஆய்வேட்டின் மையமே அதுதான். புதிதாகக் கற்பவர்கள் அந்த இடத்தில்தான் தடுமாறினார்கள். அது இல்லாமலே எழுத எளிய வழி கிடைத்ததும், தான் பட்டம் வாங்கக் காரணமான கருத்துக்கு அவரே விடைகொடுத்தார்.

2018 ஆகஸ்டில் 0.19 வந்தது. மொழிபெயர்க்கும் வேகம் வெகுவாகக் கூடியது. பிரவுசருக்குப் போகும் ஃபைலின் அளவு குறைந்தது. நெட்வொர்க் ஒரு கோடுதான் காட்டுகிற இடத்தில் நின்றுகொண்டு பக்கம் திறக்கக் காத்திருப்பவருக்குத் தெரியும், அளவு குறைவதன் அருமை. இங்கேயும் ஃபங்ஷனல் மொழியின் குணம்தான் கைகொடுத்தது. ஒரு ஃபங்ஷன் தன் வேலையைத் தவிர மறைமுகமாக வேறு எதையும் தொடாது என்பது உறுதி. எனவே, பயன்படாத ஃபங்ஷன்களைக் கம்பைலர் பயமில்லாமல் ஒவ்வொன்றாகக் கழித்துவிடலாம்.

ஆனால், மற்றவர் தப்பை அழகாகச் சொல்லித்தந்த கம்பைலருக்கே அந்தப் பதிப்பில் சில சமயம் மயக்கம் வந்தது. புரோகிராமைக் கொடுத்தால், திருத்தம் சொல்வதற்குப் பதிலாகத் தானே கவிழ்ந்தது. கவிழும்போது வந்த செய்தியோ, அது எழுதப்பட்ட ஹாஸ்கல் மொழியின் உள்விவகாரம். 'கொடுத்த சாவி வரைபடத்தில் இல்லை' என்பதுபோல ஒரு வரி. எந்தச் சாவி? எந்த வரைபடம்? படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பொறுமையாக மருந்து எழுதிக்கொண்டிருந்த டாக்டர், திடீரென்று தெரியாத பாஷையில் ஏதோ முனகிவிட்டு மயங்கி விழுந்தால் எப்படி இருக்கும்!

கம்ப்யூட்டர் உலகில் குறைக்கு 'பக்', அதாவது பூச்சி என்று பெயர். 1947-ல் ஹார்வர்டில் இருந்த 'மார்க் 2' கம்ப்யூட்டரின் ரிலேவில் நிஜமாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கியது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். அன்று பூச்சியைக் கையால் எடுத்துப் போட்டால் முடிந்தது. இன்றைய பூச்சியை அப்படிப் பிடிக்க முடியாது. எந்த புரோகிராம் கொடுத்தால் கவிழ்கிறது என்று முதலில் யாராவது சொல்ல வேண்டும். அந்த புரோகிராமைத் தேவையில்லாத வரிகளை நீக்கி நீக்கி, கவிழக் காரணமான நாலு வரியாகச் சுருக்க வேண்டும். பிறகுதான் கம்பைலரின் உள்ளே தேடலாம்.

2019 அக்டோபரில் 0.19.1 வந்தது. பெரிய புது வசதிகள் கிடையாது. குறைகளைச் சரிசெய்வதும், செய்திகளைச் செம்மைப்படுத்துவதும்தான் அதன் வேலை. முக்கியமாக 'சிண்டாக்ஸ் எரர்' எனப்படும் எழுத்து இலக்கணப் பிழைகள். அந்த அறிவிப்பில் சாப்லிக்கி இதை ஒரு செங்குத்துப் பாறைக்கு ஒப்பிட்டார். புதிதாக ஒரு மொழியைக் கற்க வருபவர், அதன் அழகைப் பார்ப்பதற்கு முன்பே அடைப்புக்குறி, கால்புள்ளி, இடைவெளி என்று இந்தப் பாறையில் ஏற வேண்டியிருக்கிறது. பலர் பாதியிலேயே இறங்கிப் போய்விடுகிறார்கள்.

0.19.1 அந்தப் பாறையில் படி வெட்டியது. அடைப்புக்குறியை மூட மறந்தால், 'இந்தப் பட்டியல் முடியாமல் நிற்கிறது' என்று சொல்லி, முழுமையான பட்டியல் ஒன்றை எழுதியும் காட்டும். 'இப்படி இருந்தால்' என்று நிபந்தனையை ஆரம்பித்துவிட்டு 'அப்படிச் செய்' என்பதை விட்டுவிட்டால், எந்தப் பகுதி பாக்கி என்று சொல்லும். ஒவ்வோர் இடத்திலும், 'இதற்குள் இருந்தபோது இது நடந்தது' என்று கம்பைலர் தன் இருப்பிடத்தைத் தெரிந்துவைத்திருந்தால்தான் இது முடியும். வாசிக்கும் பகுதியைப் பெருமளவு திருத்தி அமைத்த பிறகு கிடைத்த பலன் இது. கம்பைலரைக் கவிழ்த்த பூச்சிகளும் பல அந்தப் பதிப்பில் பிடிபட்டன.

பொறுமையைக் கற்பித்தவருக்குக் கிடைத்தது

இதுவரை கேட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்த கதை மாதிரி இருக்கிறது. ஆனால், நடந்தது அவ்வளவு இனிப்பாக இல்லை.

0.19 பதிப்பில் சாப்லிக்கி இன்னொரு கதவையும் அடைத்திருந்தார். அதுவரை சிலர் எல்முக்கு நடுவில் ஜாவாஸ்கிரிப்ட்டை நேரடியாக நுழைத்துப் பயன்படுத்திவந்தார்கள். அந்த வழியாக வெளிப் பிழைகள் உள்ளே வந்தால், 'நடுவில் முறியாது' என்ற உறுதிமொழிக்கு அர்த்தம் இல்லை. எனவே, மொழியின் சொந்தப் பேக்கேஜ்களைத் தவிர மற்றவர்களுக்கு அது கிடையாது என்றாகிவிட்டது. அதை நம்பி ஆயிரக்கணக்கான வரிகள் எழுதி வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? திருத்தி எழுத வேண்டும், அல்லது பழைய பதிப்பிலேயே தங்க வேண்டும். கோபம் வந்தது. அதில் நியாயமும் இருந்தது. பிழைப்பு அதில் இருக்கும்போது, 'நல்லதுக்குத்தான்' என்ற பதில் யாருக்கும் போதாது.

ஆனால், நியாயமான கோபத்தோடு நியாயமில்லாத வார்த்தைகளும் சேர்ந்துகொள்வது இணையத்தின் பழக்கம். 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த 'ஸ்ட்ரேஞ்ச் லூப்' மாநாட்டில் சாப்லிக்கி பேசினார். பேச்சின் தலைப்பே, ஓபன் சோர்ஸ் வேலையின் கஷ்டமான பகுதிகள் பற்றியது. புரோகிராமிங்கின் சிக்கல்கள் அல்ல அவர் சொன்ன கஷ்டம். முகம் தெரியாதவர்கள் பேசும் விதம். 'ஏன் சும்மா இப்படிப் பண்ணிவிடக் கூடாது?' என்று ஆரம்பிக்கும் கேள்விகளைப் பற்றி அவர் சொன்னது, இலவசமாக ஒரு பொருளைச் செய்து ஊருக்குக் கொடுத்த எவருக்கும் புரியும். அந்த 'சும்மா'வுக்குள் மாதக்கணக்கான வேலை ஒளிந்திருக்கும். கேட்பவருக்கு அது தெரியாது.

'உன் தப்பு' என்று சொல்லாமல் 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லக் கம்பைலருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவரிடம் பேச வந்தவர்களில் சிலருக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

0.19.1-க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் புதிய பதிப்பு வரவில்லை. 'எல்ம் செத்துவிட்டது' என்றார்கள் சிலர். 'அது நிலைத்துவிட்டது, எழுதியது எழுதியபடி ஓடுகிறது, வேறென்ன வேண்டும்?' என்றார்கள் அதை வைத்து வேலை பார்ப்பவர்கள். இரண்டு பக்கமும் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. 2023-ல் அதே மாநாட்டு மேடையில் சாப்லிக்கி மறுபடி பேசியபோது எடுத்துக்கொண்ட விஷயம், புரோகிராமிங் மொழிகளின் பொருளாதாரம். இலவசமாகக் கிடைக்கும் மொழியை உருவாக்குபவருக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. உலகமே பயன்படுத்தும் பொருளின் பின்னால் சில சமயம் ஒரே ஒரு ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது, பயன்படுத்துபவர்களுக்குக் கடைசியாகத்தான் தோன்றுகிறது.

குரல் மட்டும் பரவியது

எல்ம் பெரிய மொழியாக வளரவில்லை. வேலை விளம்பரங்களில் அதன் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதன் பதிப்பு எண்கூட 1-ஐத் தொடவில்லை. ஆனால், அதன் குரல் பரவியது.

2016-ல் ரஸ்ட் மொழியை உருவாக்குபவர்கள் தங்கள் எரர் மெசேஜ்களைப் புதிதாக வடிவமைத்தபோது, எல்மிடமிருந்து ஊக்கம் பெற்றதை வெளிப்படையாகவே சொன்னார்கள். இன்று ரஸ்ட் கற்பவர்கள் எல்லோரும் பாராட்டுவது அந்தக் கம்பைலர் பேசும் விதத்தைத்தான். 2021-ல் வந்த பைத்தான் 3.10 பதிப்பும் இதே பாதையில் நடந்தது. பள்ளிப் பிள்ளைகள்கூடப் படிக்கும் மொழி அது. ஒரு பெயரைத் தப்பாக எழுதினால், 'இதையா சொல்ல வந்தீர்கள்?' என்று அதுவும் கேட்கிறது. கம்பைலர் கோபித்துக்கொள்வது இயல்பு, பழகிக்கொள்ள வேண்டியது புரோகிராமர்தான் என்ற எண்ணம் மெல்ல மாறிவருகிறது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. எல்ம் கம்பைலர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தப்பைத் தப்பு என்றுதான் சொல்கிறது. சரியாகும் வரை ஒரு வரியைக்கூட உள்ளே விடாது. மற்ற பல மொழிகளைவிட அதன் விதிகள் கடுமையானவை. மாறியது விதி அல்ல, குரல். கண்டிப்பாக இருப்பதற்குக் கடுகடுப்பாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதை ஒரு மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேர் நிரூபித்திருக்கிறது.

அதே இரவு பன்னிரண்டு மணி. அதே மாணவி. இந்தத் தடவை திரையில், அவள் எழுதிய வரி அப்படியே இருக்கிறது. கீழே ஓர் அடிக்கோடு. 'இந்தப் பெயர் எனக்குத் தெரியவில்லை. இதையா சொல்ல வந்தீர்கள்?' விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்க்கிறாள். ஓடுகிறது. 'சே, இவ்வளவுதானா!' என்று சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறாள்.

அந்த ஒரு கேள்விக்குப் பின்னால், பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் ஊரில் குழம்பி உட்கார்ந்த யாரோ ஒருவர், 'இந்தச் செய்தி எனக்குப் புரியவில்லை' என்று வெட்கப்படாமல் எழுதி அனுப்பியது இருக்கலாம். அதைப் படித்த இன்னொருவர், 'உனக்குப் புரியாதது என் தப்பு' என்று எடுத்துக்கொண்டு திருத்தியதும் இருக்கலாம். அவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. லேப்டாப் இன்னும் மூடாமல் இருக்கிறது. அது போதும்!